நாட்டார் வீட்டுப் பந்தியில் மூன்று இலைகள்

தாழைமேட்டுக் கடற்கரையில் ஒரு கல்யாணச் சோறு ஒன்பது நாள் ஆறாமலும் ஊசாமலும் குறையாமலும் இருந்ததை அந்தப் பக்கத்து மக்கள் வியந்து சொல்வதில்லை. எந்த வருஷம் மத்தி மீன் அதிகம் பட்டது, எந்த வருஷம் மழை பிந்தியது என்று சொல்கிற அதே குரலில்தான், வைரக்கண்ணு நாட்டார் மகள் கல்யாணத்தில் கடைசிப் பந்தி ஒன்பது நாள் எழவில்லை என்றும் சொல்கிறார்கள். யாரால் அப்படி நின்றது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பெண் பாடத்தை ஒழுங்காக எழுதிவிட்டாள், அதனால் நின்றது என்பார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் சிவரஞ்சனி. அவளையும் அப்பா காத்தவராயனையும் அம்மா செண்பகத்தையும் தாழைமேடு இரண்டு வருஷமாக ஒதுக்கி வைத்திருந்தது. ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். நாட்டாரின் தம்பி ஓட்டிய விசைப்படகு காத்தவராயனின் வலையை இரண்டாக அறுத்துக்கொண்டு போன அன்று, அவர் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகாமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார், அதுதான் குற்றம். கோயில் வாசலில் ஊர் கூடிய இடத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். "அறுந்தது என் வலை, விழுறதும் நானா?" என்று கேட்டுவிட்டு, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு அவர் எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, அவர் படகில் யாரும் ஏறக் கூடாது, அவர்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, அந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, தங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்களைக் கூப்பிடக் கூடாது, அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் குடித்தவரும் ஒதுக்கப்பட்டவரே என்று ஊர் கட்டுப்பாடு போட்டது.

செண்பகத்தின் சொந்தத் தங்கைக்கு அதே தெருவில் வளைகாப்பு நடந்தபோது, செண்பகம் தன் வீட்டுப் பின்சுவரில் காதை வைத்துக்கொண்டு வளையல் சத்தத்தை எண்ணினாள். எண்ணி முடித்ததும் உள்ளே வந்து அரிசி களைந்தாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

கட்டுப்பாடு மனிதர்களோடு பேசுவதற்குத்தான், ஆட்டோடு பேசுவதற்கு இல்லை என்பதைப் பக்கத்து வீட்டு அம்புசம் கண்டுபிடித்திருந்தாள். வேலியோரம் கட்டியிருந்த தன் வெள்ளாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏ ஆடே, கேட்டியா சேதியை" என்று தொடங்கி, ஏலத்தில் வஞ்சிரம் என்ன போனது, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவாள். இரண்டு வருஷமாக ஊர் அந்த வீட்டுக்குள் ஆட்டின் வழியாகத்தான் வந்தது.

அந்த ஆட்டிடம் சொல்லப்படாத செய்தி ஒன்றை ரஞ்சனி சுமந்துகொண்டிருந்தாள். மாசி முடிந்ததும் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிடுவது என்று அப்பா ஒரு மேஸ்திரியிடம் பேசி முடித்திருந்தார். பரீட்சைக்கு முன்னாலேயே போக வேண்டியிருக்கும். "தண்ணியில கெடந்த ஒடம்பு, நூல்ல கெடக்கப் பழகிக்கும்" என்று அவர் சொன்னார். அதற்குள் ஊர் இவர்களைச் சேர்த்துக்கொண்டால் இருக்கலாம். இல்லாவிட்டால் இல்லை.

தை பிறந்தது. நாட்டாரின் மூத்த மகள் பவானிக்குக் கல்யாணம் குறித்தார்கள். நாட்டாரும் அவர் மனைவி ராசாம்பாளும் தட்டில் பத்திரிகையும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலாக ஏறி இறங்கினார்கள். கடைசி வீடான காத்தவராயன் வீடு மட்டும் மிச்சம் இருந்தபோது இருவரும் திரும்பிக் கடலைப் பார்த்து நடந்தார்கள், கடலுக்கும் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் போல.

அந்த வாரம் புதன்கிழமை தமிழ்ப் பாடவேளையில் மரியபுஷ்பம் டீச்சர் அழைப்புக் கடிதமும் பதில் கடிதமும் நடத்தினார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, யார் யாரோடு பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. முறையான அழைப்பு என்றால் எப்படி, தோழிக்கு உரிமையோடு எழுதும் அழைப்பு என்றால் எப்படி என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினார். பிறகு பதிலுக்கு வந்தார். ஏற்று எழுதுவது ஒன்று, பணிவாக மறுத்து எழுதுவது ஒன்று.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், எங்க ஊர்ல வர்றேன்னு எவனும் எழுத மாட்டான். எலை போட்டா வந்து உக்காருவான்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். "அதான் தப்பு. வர்றேன்னு நீங்க ஒரு வரி எழுதிட்டா, கூப்பிட்டவங்க உங்களுக்குன்னு ஒரு எலையை ஒதுக்கி வெச்சுடுவாங்க. நீங்க வர்ற வரைக்கும் அந்த எலை உங்க எலை. பதில் எதுக்குங்கறீங்க?"

பாடம் நடத்துவதோடு நில்லாமல், அவர் தபாலாபீஸில் வாங்கிவந்த அஞ்சலட்டைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். உங்கள் ஊர் நாட்டார் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் பத்திரிகை வந்திருக்கும், அதற்கே பதில் எழுதுங்கள், நானே பெட்டியில் போடுகிறேன், பொய்க்கடிதம் எழுதிப் பழகினால் கை பொய்யாகிவிடும் என்றார்.

ரஞ்சனிக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். நாட்டாரின் இளைய மகள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே குடையில் பள்ளிக்கூடம் வந்தவர்கள். அட்டையை வாங்கிக்கொண்டு தமயந்தி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததும் ஏதோ தவறு செய்தவள் போல முன்னால் திரும்பிக்கொண்டாள். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் ரஞ்சனி பேனாவைத் திறந்தாள். கரும்பலகையில் இருந்த முறை மாறாமல், கையெழுத்து சாயாமல் எழுதினாள்:

"அன்புடையீர், செல்வி பவானியின் திருமணத்துக்குத் தாங்கள் விடுத்த அழைப்பைப் பெருமகிழ்ச்சியோடு ஏற்கிறோம். காத்தவராயன், செண்பகம், சிவரஞ்சனி ஆகிய நாங்கள் மூவரும் தவறாமல் வந்து, பந்தியில் அமர்ந்து, மணமக்களை வாழ்த்திச் செல்வோம்."

விடுக்காத அழைப்பை எப்படி ஏற்பது என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. டீச்சர் எழுதச் சொன்னார், எழுதினோம் என்று அதற்குப் பதில் சொல்லி உட்கார வைத்தாள்.

முப்பத்தொரு அட்டைகள் வெள்ளிக்கிழமை நாட்டார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. "ஏ ஆடே, கேட்டியா சேதியை" என்றாள் அம்புசம். "வர்றோம் வர்றோம்னு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கார்டு போட்டிருக்காம். நாட்டாரு வயிறு புடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறாரு. ராசாம்பா என்ன பண்ணிச்சு தெரியுமா, அத்தனை கார்டையும் நூல்ல கோத்துப் பந்தல்ல தோரணமாக் கட்டிருச்சு." நூலில் கோத்த கையோ கட்டிய கையோ எந்த அட்டையையும் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தாலி கட்டினார்கள். நாதஸ்வரம் கடைசி வீடு வரைக்கும் தாராளமாகக் கேட்டது, நாதஸ்வரத்துக்கு ஊர்க் கட்டுப்பாடு கிடையாது. காத்தவராயன் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அறுபடாத இடத்தையும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். பந்திக்கு மேல் பந்தியாகப் பரிமாறி, மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி உட்கார்ந்து எழுந்தபோது, வரிசையின் கடைக்கோடியில் மூன்று இலைகளில் சாப்பாடு தொடாமல் இருந்தது. யார் போட்டார்கள், யார் பரிமாறினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எச்சில் இலை எடுக்கிற பெண் ஒன்றை மடித்தாள், அது விரிந்துகொண்டது. மூன்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டிவிட்டுத் திரும்பினாள், மூன்றும் அவளுக்கு முன்னால் வந்து பாயில் கிடந்தன, அப்பளம்கூட நொறுங்காமல். சமையல் கொட்டகையில் அண்டாச் சோறு விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.

தாழைமேட்டில் நாட்டார் வீட்டுக் கல்யாணம் என்றால் மூன்று வழக்கங்கள் உண்டு. கடைசிப் பந்தி எழும்வரை படகு கடலில் இறங்காது. கடைசிப் பந்தி எழும்வரை எந்த வீட்டிலும் மீன் அடுப்பேறாது. கடைசிப் பந்தி எழும்வரை பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட மாட்டாள். ஒரு மத்தியானத்துக்கு என்று யாரோ ஏற்படுத்தி வைத்த வழக்கங்கள்.

முதல் நாள் பயந்தார்கள். பூசாரி வந்து கற்பூரம் காட்டினார், இலைகளில் ஆவி இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், சாப்பாட்டில் பேர்போன ஆள், ஒரு இலைக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் கை சோற்றைத் தொட்டது, சாம்பாரோடு பிசைந்தது, உருட்டியது, வாய்க்குப் போகிற வழியை மட்டும் மறந்துபோனது. இரண்டாம் நாள் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஊரில் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ரசம் காலையில் பத்து மணிக்குத்தான் ருசியாக இருக்கிறது என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள், அந்த நேரத்துக்கு ஆளுக்கொரு தூக்குவாளியோடு போனார்கள். பந்தலைப் பிரிக்க வந்த பந்தல்காரர்கள் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிட்ட மயக்கத்தில் படுத்து, எழுந்து மறுபடியும் சாப்பிட்டார்கள். பக்கத்துக் குப்பங்களிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். திருப்பூர் மேஸ்திரிகூட ஒருநாள் வந்தவர் பாயசத்தில் மனம் ஒட்டி அங்கேயே தங்கிவிட்டார். மாப்பிள்ளை மாமியாரிடம் பல்லாங்குழி கற்றுக்கொண்டு அவரையே ஜெயிக்கத் தொடங்கினார்.

ஆனால் நாலாம் நாள் ஊர் மூக்கைத் தூக்கியது. கடைசி வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது.

ஒதுக்கி வைத்த வீட்டுக்கு ஊர் வழக்கம் கிடையாது, அதைச் சொன்னதும் ஊர்தான். ஆகவே அத்தனை படகும் மணலில் கவிழ்ந்து கிடக்க, காத்தவராயன் மட்டும் விடியக் கருக்கலில் தன் சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். போட்டிக்கு ஆள் இல்லாத கடல் அவருக்கு அள்ளிக் கொடுத்தது. செண்பகம் புளியைக் கரைத்து, மிளகாய் அரைத்து, மாங்காய் கீறிப் போட்டுக் குழம்பு கொதிக்கவிட்டாள். பிறந்ததிலிருந்து மீனில்லாமல் இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிட்டறியாத ஊர், நாலு நாள் சாம்பார் சோற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு, அந்த வாசனையைப் பிடித்தபடி தெருமுனை வரைக்கும் நடந்து வந்து, தெருமுனையில் நின்று, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பிப் போனது.

"ஏ ஆடே" என்றாள் அம்புசம், குரல் கம்ம. "வாளையா, வௌவாலான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

"வௌவாலு" என்று ரஞ்சனி தங்கள் வேலியிடம் சொன்னாள்.

அம்புசம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில், மத்தியான மணி அடித்த பிறகு, தமயந்தி மைதானத்தைக் குறுக்காகக் கடந்து நேரே ரஞ்சனியிடம் வந்தாள். வெயிலில் அவள் முகம் சிவந்திருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை திட்டாகத்தான் வந்தது.

"ஏண்டி, வர்றேன்னு எழுதிட்டு வராம இருந்தா என்னடி அர்த்தம்?"

ரஞ்சனிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "கூப்பிடாம எப்படிடி வர்றது?"

"கூப்பிடாம எப்படிடி பதில் எழுதின?"

"டீச்சர் எழுதச் சொன்னாங்க."

"டீச்சர் சொன்னாங்களாம்!" தமயந்தி பாவாடையில் செருகி வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினாள். "தோரணத்துல ஒவ்வொண்ணாப் படிச்சுப் பார்த்தேன். வர்றேன்னு எழுதுன எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க மூணு பேருதான் வரல. எலையும் மூணு. எங்க அக்கா மூக்கால அழுவுது, பொழுது விடிஞ்சா மாப்பிள்ளையோட மாமன் அண்டாவைப் பார்த்துக்கிட்டே பல்லு தேய்க்கிறாரு. எல்லாம் உன்னாலடி."

சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரஞ்சனிக்கும் வந்தது. இரண்டு பேரும் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டுகிற மாதிரி சிரித்தார்கள். பிறகு தமயந்தி சுற்றுமுற்றும் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்துபோனாள்.

அன்று சாயங்காலம் அவள் தன் அப்பாவிடம் அட்டையைக் கொடுத்தாள். மறுநாள் பஞ்சாயத்துக் கூடியது. அங்கே நடந்ததை ஆடு வரிக்கு வரி கேட்டது. கடிதம் எழுதுவது பேச்சில் சேருமா, சேருமென்றால் கட்டுப்பாட்டை மீறியதற்குத் தனியாக விசாரிக்கலாமே என்றார் ஒருவர். விசாரித்தால் இலை மூன்றிலிருந்து முப்பதாகிவிட்டால் என்ன செய்வாய் என்று இன்னொருவர் அவரை அடக்கினார். கூப்பிட்டுவிடலாம் என்று ஒரு கிழவர் சொன்னதற்கு, காத்தவராயன் காலில் விழாமல் கூப்பிட்டால் நாளைக்கு ஆளாளுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள் என்று நாட்டாரின் தம்பி துள்ளினார். கடைசியில், இரண்டு விதமான பதில் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்களாமே, அந்தப் பெண் இரண்டாவது விதத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் இலை தானாக மடிந்துவிடும் என்று முடிவு செய்தார்கள்.

ஏழாம் நாள் காலை தமயந்தி புது அஞ்சலட்டை ஒன்றோடு கடைசி வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றாள். இந்த முறை அவளை ஊரே அனுப்பியிருந்தது. "வர முடியலைன்னு மாத்தி எழுதித் தரணுமாம்" என்று மணலைப் பார்த்துச் சொன்னாள். "தந்தா தெருக்குழாய்ல தண்ணி புடிச்சிக்க விடுவாங்களாம். மத்ததெல்லாம் அப்படியேதானாம்."

காத்தவராயன் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எழுதிக் குடுத்துடும்மா" என்றார். "நாமதான் போவப் போறோமே. ஒரு பொண்ணு பொறந்த வீட்டுக்கும் போற வீட்டுக்கும் நடுவுல நிக்குது. பாவம்."

ரஞ்சனி அட்டையைக் கையில் வாங்கினாள். எழுதத் தெரியாமல் இல்லை, பணிவாக மறுப்பதற்கும் அவளுக்குப் பாடம் தெரியும், 'தவிர்க்க இயலாத காரணத்தால்' என்று தொடங்க வேண்டும். தொடங்கினால் மூன்று இலையும் மடியும், படகுகள் இறங்கும், மாசி முடியும், ரயில் வரும். அவள் பேனாவை எடுக்காமல் நின்றாள். "காரணம் என்னன்னு எழுதறது?" என்று கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து செண்பகம் வெளியே வந்தாள். கையில் மஞ்சளும் மீன் செதிலும். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"வர்றோம்னு எழுதுனது எழுதுனதுதான். மாத்த மாட்டோம். ஆனா கூப்பிடாத வீட்டுக்கு நாங்க வர மாட்டோம். தாயி, உங்க அப்பாருகிட்ட சொல்லு. கூப்பிடணும்னா மொறையாக் கூப்பிடணும். வாசல்ல நின்னு தட்டை நீட்டிட்டுப் போறதில்ல. உள்ள வரணும். ஒக்காரணும். நான் குடுக்குற தண்ணியைக் குடிக்கணும். அப்பறம் என் எலைக்கு நான் வர்றேன்." பிறகு மகளைப் பார்த்து, "அந்தக் கார்டை வீணாக்காத. நாம அவங்களைக் கூப்பிட்டு எழுது" என்றாள்.

ரஞ்சனி எழுதினாள். முறையான அழைப்பாக எழுதவில்லை, கரும்பலகையின் இரண்டாவது பத்தியில் இருந்ததைப் போல, உரிமையோடு எழுதினாள். "மாமா, அத்தை, எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா தண்ணி தருவாங்க. வர்றீங்களா இல்லையான்னு பதில் போடுங்க."

அட்டையைத் தமயந்தியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எட்டாம் நாள் முழுக்க ஊரிலிருந்து சத்தமே இல்லை. ஆட்டிடம்கூட யாரும் பேசவில்லை. காத்தவராயன் அன்று கடலுக்குப் போகாமல் திருப்பூருக்குக் கொண்டுபோக வேண்டிய பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார், செண்பகம் அவர் கட்டியதை ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடியும் பரணில் அடுக்கினாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. அவர் கட்டினார், அவள் அவிழ்த்தாள், பொழுது போயிற்று.

ஒன்பதாம் நாள் காலையில் பதில் வந்தது. நாட்டார் தன் வாழ்நாளில் எழுதிய முதல் கடிதம். தமயந்தியிடம் முறை கேட்டு, அன்புடையீர் போட்டு அடித்து, பேரன்புடையீர் போட்டு அடித்து, கடைசியில் அட்டையின் நடுவில் பெரிய எழுத்தில் 'வர்றோம்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அட்டையைக் கொண்டுவந்த தமயந்திக்குப் பின்னாலேயே அவர்கள் வந்தார்கள். முன்னால் நாட்டாரும் ராசாம்பாளும் தட்டோடு, அடுத்து பவானி ஒன்பது நாள் கசங்கிய பட்டுப்புடவையில், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் மாமன், பஞ்சாயத்தார், பந்தல்காரர்கள், மேஸ்திரி, நாட்டாரின் தம்பி எல்லோருக்கும் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு. தெரு கொள்ளாமல் ஊர் நின்றது.

நாட்டார் வாசற்படியில் செருப்பைக் கழற்றினார். அவர் பாதம் அந்தப் படியில் பட்டபோது யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். குனிந்து உள்ளே வந்தார், விரித்திருந்த கோரைப்பாயில் உட்கார்ந்தார். செண்பகம் எவர்சில்வர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் செம்பை வாங்கி, கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, சொட்டு விடாமல் குடித்தார்.

கட்டுப்பாட்டின்படி அந்த நிமிஷத்திலிருந்து அவரும் ஒதுக்கப்பட்டவர். இது கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது, அடுத்தது என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ராசாம்பாள் எட்டிச் செம்பை வாங்கினாள். "எனக்கும் ஊத்து செம்பகம்" என்றாள். பவானி குடித்தாள். தமயந்தி குடித்தாள். வேலியைத் தாண்டி வந்த அம்புசம் ஆட்டை ஒரு கையால் இழுத்துக்கொண்டே குடித்தாள். செண்பகத்தின் தங்கை, இடுப்பில் இவர்கள் இதுவரை பார்த்திராத குழந்தையோடு வந்து, தான் குடித்துவிட்டு, விரலை நனைத்துக் குழந்தையின் உதட்டிலும் வைத்தாள். குடம் தீர்ந்தது, இன்னொரு குடம் வந்தது. குடித்தவரெல்லாம் ஒதுக்கப்பட்டவர் என்றால், சூரியன் தென்னைக்கு மேலே வருவதற்குள் ஒதுக்கப்பட்டவர்கள் ஊரளவு பெருகிவிட்டார்கள், ஒதுக்கி வைத்தவராக நாட்டாரின் தம்பி ஒருவர் மட்டுமே தெருவில் மிச்சம் இருந்தார். தன்னந்தனியாக ஒரு ஊராக நிற்பது எவ்வளவு சிரமம் என்று அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வந்து, செம்பைக் கேட்காமல், காத்தவராயனுக்கு முன்னால் கிடந்த வலையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காத்தவராயன் ஊசியையும் நூலையும் அவர் பக்கம் தள்ளினார். "அந்தக் கிழிசலை நீ தைச்சுரு" என்றார். "அது ஒன்னுது."

அப்போதுதான் பஞ்சாயத்துக் கிழவருக்கு ஒரு நியாயம் தோன்றியது. "ஏம்ப்பா, ஒதுக்கப்பட்டவனுக்கு ஊரு வழக்கம் கெடையாதுல்ல? அப்ப நாம மீன் தின்னலாம்ல?"

செண்பகத்தின் குழம்புச் சட்டி அன்று கண்ட கூட்டத்தை அதற்குப் பிறகு எந்தச் சட்டியும் கண்டதில்லை. ஆளுக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது, சிலருக்கு மாங்காய் மட்டும்தான் கிடைத்தது, மாங்காய் கிடைத்தவர்களும் விரலை நக்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் மாமன் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். மேஸ்திரி காத்தவராயனைத் தேடி வந்து, ரயில் எப்போது என்று கேட்க வாயெடுத்தார். காத்தவராயன் வலையைக் கால் விரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, "நீங்க கெளம்புங்கண்ணே" என்றார். "எனக்கு இங்க வேலை கெடக்கு."

பிறகு தட்டை எடுத்து, குங்குமம் கொடுத்து, பத்திரிகை வைத்து, "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க மூணு பேரும் அவசியம் வந்து சாப்பிடணும்" என்று நாட்டாரும் ராசாம்பாளும் நின்றபடி சேர்ந்து சொன்னார்கள். தேதி ஒன்பது நாள் பழையது என்று யாரும் சிரிக்கவில்லை.

பந்தலுக்கு அவர்கள் நடந்து போனபோது ஊர் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. செண்பகம் மூலையில் இருந்த பட்டுப்புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள், மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்த புடவை. மூன்று இலையிலும் ஆவி வந்துகொண்டிருந்தது. காத்தவராயன் அவசரமாகச் சாப்பிட்டார், பேசிப் பழகாத இடத்தில் இருக்கிற மாதிரி. அவர் இலையை மடித்ததும் அது மடிந்தபடியே இருந்தது, கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ரஞ்சனி சாப்பிட்டாள். எதிரே தமயந்தி உட்கார்ந்து கண்ணால் சைகை காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்ததால் இரண்டு தரம் புரையேறியது. அவள் இலையும் மடிந்தது. அண்டாவில் சோறு சட்டென்று அடிக்கு இறங்கியது.

செண்பகத்தின் இலை மட்டும் இருந்தது.

கரையில் படகுகளின் பக்கத்தில் ஆட்கள் தோள் கொடுத்துத் தயாராக நின்றார்கள். காரில் பவானியும் மாப்பிள்ளையும் ஏறியாயிற்று, டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். செண்பகம் சாம்பார் சோற்றைப் பிசைந்தாள். ஒவ்வொரு பருக்கையும் எந்த வயலில் விளைந்தது என்று விசாரிப்பவள் போலப் பிசைந்தாள். கூட்டைத் தொட்டுக்கொண்டாள். பொரியலைப் பக்கத்தில் தள்ளி வைத்து, பிறகு மனம் மாறி அதையும் எடுத்துக்கொண்டாள். நாட்டாரே வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்து ரசம் ஊற்றினார். அவள் அதைக் குவித்த கையில் ஏந்தி உறிஞ்சினாள், சத்தம் வந்தது, அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது, ஏனென்றால் ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தது. பாயசம் வந்தது. வடை வந்தது. மோர் வந்தது. ரஞ்சனி தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு அவசரமும் இல்லை, இரண்டு வருஷத்து மத்தியானங்கள் அத்தனையும் அதில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

கடைசி வாய் முடிந்தது. செண்பகம் கையை இலையின் விளிம்பில் வைத்தாள். நூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள். கார் ஒரு தரம் உறுமியது.

அவள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பளம் இருக்கா?" என்று கேட்டாள்.

நாட்டார் சமையல் கொட்டகைக்கு ஓடினார்.